ஒரு கணினியில் பல கணினிகள்

மதுரையில் சிறியதோர் அச்சகம் நடத்திவந்த முதியவர் ஒருவரை நான் அறிவேன். பல ஆண்டுகள் அவர் ஒரே கணினியில் நூல்களுக்கு எழுத்துக்கோத்து வந்தார். அதற்கு அவர் பயன்படுத்திய நிரல் மிகப் பழையது. ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டு முறை தமிழ் அச்சுலகில் வேரூன்றுமுன், எழுத்துருச் செய்வோர் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறைகளைக் கையாண்டனர். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. அத்தகைய எழுத்துருவோடு பிணைந்த அந்நிரல், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயக்க முறைமையோடு நின்றுவிட்டது. புதிய கணினிகளில் இயங்க மறுத்தது. ஒருநாள் அப்பழைய கணினி அடங்கிப்போயிற்று. வட்டிலிருந்த கோப்புகள் பிழைத்தன. ஆனால் அவற்றைத் திறக்கும் வழி அடைபட்டது. தம் வாழ்நாள் உழைப்பு கண்முன்னே பூட்டிக் கிடக்கிறது என்று அவர் வருந்தினார்.

அவருடைய பேத்தி பொறியியல் பயிலும் மாணவி. விடுமுறைக்கு வந்தவர் தம் மடிக்கணினியைத் திறந்தார். அதில் இயங்கியது இக்காலத்துப் புதிய இயக்க முறைமை. அதன் திரையில் ஒரு சாளரம் திறந்தது. அச்சாளரத்துக்குள் விண்டோஸ் எக்ஸ்பி உயிர்பெற்று எழுந்தது. பழைய குறுந்தட்டிலிருந்த நிரல் அதில் குடியேறியது. பழைய நூல்களின் பக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முதியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தப் பெட்டிக்குள்ளே அந்தப் பெட்டி எப்படியம்மா வந்தது?"

அந்த வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும். விடையைத் தேடிச் செல்வோமாயின், ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு நம்முன் விரியும். ஓர் எண்ணம் பிறந்து, வளர்ந்து, மறக்கப்பட்டு, மீண்டும் உயிர்த்தெழுந்த வரலாறு அது.

முதலில், இயக்க முறைமை என்பது யாது? கணினியின் செயலி, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய உறுப்புகள் அனைத்தையும் ஆளும் தலைமை நிரலே அது. மற்றை நிரல்கள் யாவும் அதனிடம் கேட்டுப் பெற்றே பொறியின் உறுப்புகளைப் பயன்படுத்தும். தன்னைத் தவிர வேறு தலைமை இல்லை என்னும் உறுதியோடுதான் ஒவ்வோர் இயக்க முறைமையும் எழுதப்படுகிறது. ஓர் உறையில் இரண்டு வாள் இருக்குமா என்பது நம் நாட்டு வழக்கு. அங்ஙனமாயின் ஒரே பொறியில் இரண்டு தலைமைகள் எவ்வாறு ஒருங்கே வாழ முடியும்? இதுவே சிக்கல்.

இச்சிக்கலை முதன்முதல் அவிழ்த்தவர்கள், கணினி மிக அரிய பொருளாக இருந்த காலத்தினர். 1960ஆம் ஆண்டையொட்டிய நாள்களில் ஒரு கணினி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் விலையோ பெரு நிறுவனங்களுக்கே எட்டும். ஆராய்ச்சியாளர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பர். ஓர் அட்டையில் பிழை நேர்ந்திருந்தால் அடுத்த முறைக்கு மீண்டும் காத்திருக்க வேண்டும். இத்துன்பத்தைப் போக்க எழுந்ததே காலப் பங்கீடு என்னும் முறை. ஒரு செயலி பலருடைய வேலைகளை மாற்றி மாற்றி, மிக விரைவாகச் செய்து, ஒவ்வொருவருக்கும் தாமே பொறியோடு உரையாடுவது போன்ற உணர்வைத் தருவது அது. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பாட்டோ என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் இம்முறையை இயக்கிக் காட்டினார்.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் புகழ்பெற்ற சிஸ்டம் 360 என்னும் கணினிக் குடும்பத்தை உலகுக்கு அறிவித்தது. ஆனால் காலப் பங்கீட்டுக்கு இன்றியமையாத ஓர் உறுப்பு அதில் இல்லை. நிரல் கேட்கும் நினைவக முகவரியை வேறோர் உண்மை முகவரியாக மாற்றித் தரும் பொறியமைப்பே அது. மாசசூசெட்ஸ் கழகத்தினர் தங்கள் அடுத்த பெருந்திட்டத்துக்கு ஐ.பி.எம். பொறியை ஒதுக்கிவிட்டு, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியைத் தேர்ந்தனர். உலகின் முதற்பெருங் கணினி நிறுவனத்துக்கு இது பெருத்த அடியாயிற்று.

அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் அறிவியல் நிலையத்தைத் தொடங்கியிருந்தது. இந்தக் கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தில் உள்ளதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளது. மாசசூசெட்ஸ் கழகத்தின் காலப் பங்கீட்டுத் திட்டம் நடந்த கட்டடத்திலேயே அந்நிலையமும் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி, லெஸ் காமோ என்னும் இருவர் தலைமையில் ஒரு சிறு குழு சிந்திக்கத் தலைப்பட்டது. அவர்கள் கண்ட வழி புதியது. பலர் பங்கிட்டுக்கொள்ளத்தக்க ஒரு பெரிய இயக்க முறைமையை எழுதுவதே ஏனையோர் நோக்கமாயிருந்தது. இவர்களோ, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியையே கொடுத்துவிட்டால் என்ன என்று எண்ணினர். உண்மைக் கணினியை அன்று. உண்மைக் கணினி போலவே ஒவ்வொரு கட்டளைக்கும் விடையிறுக்கும் தோற்றக் கணினியை. மெய்யன்று, ஆயினும் மெய்க்கு நிகரானது. ஆதலின் இன்று நாம் அதனை மெய்நிகர் கணினி என்கிறோம்.

இவ்வெண்ணத்தின் அழகு அதன் எளிமையில் உள்ளது. கீழே ஓர் ஆளுநிரல். அதன் வேலை ஒன்றே: ஒரு பொறியைப் பல பொறிகளாகக் காட்டுவது. மேலே, ஒவ்வொரு தோற்றப் பொறியிலும் ஒருவருக்கு மட்டுமே பணிபுரியும் எளிய இயக்க முறைமை. ஒருவருக்காக எழுதப்படுவதால் அதில் பங்கீட்டுச் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு கடினமான வேலைகளை ஒன்றாகப் பிணைக்காமல் பிரித்துவிட்டமையால் இரண்டும் எளிதாயின. முகவரி மாற்றும் உறுப்பைத் தனியே செய்து பொருத்திய சிஸ்டம் 360இன் 40ஆம் மாதிரியில் அவர்கள் தங்கள் நிரலை எழுதினர். சி.பி. 40 எனப்பட்ட அது, 1967ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரே பொறி 14 கணினிகளாய்க் காட்சியளித்தது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதாகத் தோன்றிற்று. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட அது போதாது. அன்றோ அது செல்வம். பதினான்கையும் கூட்டினால் வரும் நினைவகம் அப்பொறியில் இருக்கவில்லை. அவ்வேளைக்கு வேண்டாத பகுதிகளை வட்டுக்கு அனுப்பியும் வேண்டும்போது மீட்டும் அவ்வளவும் இருப்பது போல ஆளுநிரல் காட்டியது.

இஃது எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சற்று நின்று காண்போம். சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்பதை அறியாதார் இல்லை. ஒரே வீடு, பல குடும்பங்கள், கிணறும் முற்றமும் பொது. அத்தகைய வீட்டில் ஒரு விந்தை நிகழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் வீடு முழுவதும் தனக்கே உரியதென்று நம்புகிறது. பிறர் இருப்பதே அதற்குத் தெரியாது. சமைப்பது, உண்பது, உறங்குவது ஆகியவற்றை அவரவர் தடையின்றிச் செய்கின்றனர். ஆனால் ஒருவர் சுவரை இடிக்கவோ கிணற்றை மூடவோ கையெடுத்த அக்கணமே, வீட்டுக்காரர் அவரை அப்படியே உறங்கச் செய்துவிடுகிறார். அவர் பகுதியில் மட்டும் சுவர் இடிந்தது போன்ற தோற்றத்தை அமைத்துவிட்டு எழுப்புகிறார். எழுந்தவர், தாம் எண்ணியது நடந்துவிட்டது என்று மனநிறைவோடு மேலே செல்கிறார்.

கணினியில் நடப்பதும் இதுவே. செயலிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, எல்லாக் கட்டளைகளையும் நிறைவேற்றும் தலைமை நிலை. மற்றொன்று, சிலவற்றுக்கு இடங்கொடாத குடிநிலை. விருந்தாக வந்த இயக்க முறைமையை ஆளுநிரல் குடிநிலையிலேயே அமர்த்துகிறது. கூட்டல், கழித்தல் போன்ற கட்டளைகள் நேரே செயலியில் முழு வேகத்தோடு ஓடுகின்றன. பொறியின் ஆட்சியைத் தொடும் கட்டளை வரும்போது செயலி அதனைத் தடுத்து, ஆளுநிரலிடம் ஒப்படைக்கிறது. ஆளுநிரல் அதன் பயனைத் தோற்றமாக அமைத்துத் திருப்பி அனுப்புகிறது. பிடித்தலும் பாவித்தலுமே இக்கலையின் உயிர்நாடி. தப்பிச் செல்லும் கட்டளை ஒன்று இருப்பினும் மாயம் கலைந்துவிடும். இதனை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் கதை முழுவதும் இவ்விதியைப் பற்றியதே.

அந்நாளில் ஐ.பி.எம். நிறுவனம் அதிகாரப்பூர்வமாக வளர்த்துவந்த காலப் பங்கீட்டு முறைமை வேறொன்று. பெரும் பொருளும் ஆளும் அதற்குச் செலவாயின. எனினும் அது காலந்தாழ்ந்தே வந்தது, வந்தபோதும் மெதுவாக இயங்கியது, அடிக்கடி நின்றுபோயிற்று. கேம்பிரிட்ஜ் குழுவினரோ தங்கள் நிரலை 67ஆம் மாதிரிக்கு ஏற்பத் திருத்தி, சி.பி. 67 என்று பெயரிட்டனர். 1967ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் கழகத்தின் லிங்கன் ஆய்வகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1968ஆம் ஆண்டில், நிறுவனத்தின் பொறுப்பும் ஆதரவும் இல்லை என்னும் குறிப்போடு அது வெளியே வழங்கப்பட்டது. தலைமையகம் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. பயன்படுத்தியவர்கள் மதித்தார்கள். நிரலின் மூலமும் உடன் கிடைத்தமையால், அவர்களே அதனைத் திருத்தினர்; வளர்த்தனர்; தம்முள் பகிர்ந்துகொண்டனர். இறுதியில் நிறுவனமும் இசைந்தது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் வி.எம். 370 என்னும் பெயரால் அஃது அதிகாரப்பூர்வமான பொருளாயிற்று. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. மெய்நிகர் நினைவகம் கொண்ட சிஸ்டம் 370 பொறி உருவாகி முடியுமுன்னரே, கேம்பிரிட்ஜ் குழுவினர் தங்கள் ஆளுநிரலைக் கொண்டு அதன் தோற்றத்தைப் பழைய பொறியில் அமைத்துவிட்டனர். பிறவாத பொறிக்கு அதன் தோற்றத்தின்மேல் அமர்ந்து நிரல் எழுதினர்.

1974ஆம் ஆண்டில் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகிய இருவரும் இக்கலைக்கு இலக்கணம் வகுத்தனர். ஆளுநிரலுக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்றனர். தோற்றப் பொறி மெய்ப்பொறியைப் போலவே நடக்க வேண்டும்; பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் ஓட வேண்டும்; பொறியின் வளங்கள் யாவும் ஆளுநிரலின் பிடியிலேயே இருக்க வேண்டும். இவை நிறைவேற, செயலி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதையும் கூறினர். பொறியின் நிலையை மாற்றவோ வெளிப்படுத்தவோ வல்ல ஒவ்வொரு கட்டளையும், குடிநிலையிலிருந்து பிறக்கும்போது பிடிபட்டே தீர வேண்டும் என்பதே அவ்விதி.

இலக்கணம் பிறந்த வேளையிலேயே இலக்கியம் வழக்கொழியத் தொடங்கியது. சிறு கணினிகளின் காலம் வந்தது. 1978ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 8086 என்னும் நுண்செயலி வெளிவந்தது. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டுக் கணினி, அதே குடும்பத்துச் செயலியோடு மேசைமேல் வந்து அமர்ந்தது. ஆளுக்கொரு கணினி கிடைக்கும்போது, ஒன்றைப் பலவாகக் காட்டும் மாயம் எதற்கு? அதனால் அவ்வெண்ணம் பெருங்கணினிகள் இருந்த அறைகளிலேயே தங்கிவிட்டது. சிறு செயலிகளை வகுத்தவர்கள் போப்பெக், கோல்டுபெர்க் விதியைக் கருத்திற்கொள்ளவில்லை.

1985ஆம் ஆண்டில் வந்த 80386 செயலியில் ஒரு விந்தை இருந்தது. பழைய 8086 செயலியின் தோற்றங்கள் பலவற்றை அது தனக்குள் ஒருங்கே இயக்க வல்லது. தன் மூதாதையைத் தனக்குள் குடியிருத்தத் தெரிந்த அதற்குத் தன்னையே தனக்குள் குடியிருத்தத் தெரியவில்லை. காரணம், பிடிபட வேண்டிய கட்டளைகள் சில பிடிபடாமல் நழுவின. எடுத்துக்காட்டாக, செயலியின் நிலைக்குறிகளை மீட்டு வைக்கும் கட்டளை ஒன்று உண்டு. குறுக்கீடுகளை ஏற்பதா மறுப்பதா என்னும் குறியும் அவற்றுள் ஒன்று. குடிநிலையில் உள்ள நிரல் அக்குறியை மாற்ற முயன்றால், செயலி அதனைத் தடுத்து அறிவிப்பதில்லை. மாற்றாமல் வாளா விட்டுவிடும். விருந்தினர், தாம் கதவை அடைத்துவிட்டதாக எண்ணி உள்ளே அமர்வார். கதவோ திறந்தே கிடக்கும். வீட்டுக்காரருக்கும் செய்தி தெரியாது. 2000ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ராபின், சிந்தியா இர்வின் ஆகியோர் பென்டியம் செயலியின் கட்டளைகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, இவ்வாறு நழுவுவன 17 என்று கணக்கிட்டனர். பதினேழு சிறு கட்டளைகள் ஒரு பெரும் எண்ணத்தை வாயிலிலேயே தடுத்து நிறுத்தியிருந்தன.

ஆனால் அந்த ஆராய்ச்சி வெளிவருமுன்னரே சிலர் வாயிலைக் கடந்துவிட்டிருந்தனர். 1997ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்ப்ளம் என்னும் பேராசிரியரும், எட்வர்டு புன்யோன், ஸ்காட் டிவைன் என்னும் மாணவர் இருவரும் டிஸ்கோ என்னும் ஆளுநிரலைப் பற்றி எழுதினர். பல செயலிகள் கொண்ட புதிய பெரும்பொறிகளுக்காக இயக்க முறைமைகளை அடியோடு திருத்தி எழுதுதல் பெரும்பாடு. அதனினும், பொறிக்கும் முறைமைக்கும் இடையே பழைய ஆளுநிரலின் மெல்லிய அடுக்கு ஒன்றை இடுதல் எளிது என்று அவர்கள் காட்டினர். அடுத்த ஆண்டில் அம்மூவரும் டயேன் கிரீன், எட்வர்டு வாங் ஆகியோரும் சேர்ந்து வி.எம்.வேர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1999ஆம் ஆண்டில் அவர்களுடைய நிரல் விற்பனைக்கு வந்தது. பதினேழு கட்டளைகளையும் அவர்கள் எவ்வாறு வென்றனர்? விருந்து முறைமையின் உட்கருவில் உள்ள கட்டளைகள் செயலியைச் சென்றடையுமுன்னரே, ஆளுநிரல் அவற்றைப் படிக்கிறது. தீங்கற்றவற்றை அப்படியே விடுகிறது. நழுவும் கட்டளைகளைத் தீங்கற்ற வேறு கட்டளைகளாக மொழிபெயர்க்கிறது. மொழிபெயர்த்ததைச் சேமித்தும் வைக்கிறது. அடுத்த முறை மீண்டும் பெயர்க்க வேண்டியதில்லை. சாதாரண நிரல்களின் கட்டளைகளோ மொழிபெயர்ப்பின்றி நேரே ஓடும். இவ்வாறு, செயலி செய்ய மறந்த காவலை நிரல் செய்தது. விண்டோஸ் என்.டி.யின் மேல் லினக்ஸ், லினக்ஸின் மேல் விண்டோஸ் என எளிய மேசைக் கணினியிலேயே இரு முறைமைகள் ஒருங்கே வாழலாயின.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2003ஆம் ஆண்டில் மற்றொரு வழி கண்டனர். சென் என்பது அவர்தம் ஆளுநிரலின் பெயர். விருந்தினரிடம் உண்மையை மறைப்பானேன்? நீ இருப்பது தோற்றப் பொறியே என்று சொல்லிவிட்டு, சில இடங்களில் மட்டும் நடத்தையை மாற்றிக்கொள்ளச் செய்தால் போதுமே என்பது அவர்கள் கொள்கை. மூலம் கிடைக்கும் லினக்ஸுக்கு இது எளிதில் பொருந்திற்று.

இவற்றையெல்லாம் கண்ட செயலி வகுப்போர் தம் குறையை உணர்ந்தனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் நிறுவனமும், 2006ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனமும், விருந்து முறைமைக்கெனத் தனி நிலை ஒன்றைச் செயலியிலேயே அமைத்தன. மறந்த விதி முப்பது ஆண்டுகள் கழித்துச் சிலிக்கானில் மீண்டும் பொறிக்கப்பட்டது. இதிலும் ஒரு பாடம் உண்டு. அம்முதல் அமைப்புகளைவிட வி.எம்.வேர் மொழிபெயர்ப்பு முறையே பல வேலைகளில் விரைவாக ஓடியது என்று அந்நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 2006ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். நினைவக முகவரியை இரண்டு அடுக்காக மாற்றும் வசதியும் செயலியில் வந்த பின்னரே பொறியின் கை ஓங்கியது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 2006ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் செயலிக்கு மாறியபோது, மேக் கணினியில் விண்டோஸை இயக்கப் பேரலல்ஸ் வந்தது. 2007ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் அமைப்பு லினக்ஸின் உட்கருவிலேயே இடம்பெற்றது. அதே ஆண்டில் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் நிரல் மூலத்தோடு வெளியிடப்பட்டது. மாணவர் மடிக்கணினியிலும் இம்மாயம் காசின்றி நுழைந்தது. மதுரைப் பேத்தி பயன்படுத்தியதும் இத்தகைய ஒன்றே.

இக்கலைக்கு எல்லைகளும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. வீட்டில் குடித்தனம் பெருகப் பெருக இடம் சுருங்கும். விருந்து முறைமைக்கு ஒதுக்கிய நினைவகம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. குடித்தனங்களுக்கு இடையே உள்ள சுவரும் மனிதர் எழுப்பியதே. தோற்றப் பொறிகளுக்கு நெகிழ்வட்டு இயக்கி ஒன்று இருப்பது போலக் காட்டும் நிரற்பகுதியில் ஒரு துளை இருந்தது 2015ஆம் ஆண்டில் தெரியவந்தது. யாரும் நெகிழ்வட்டைத் தொடாத காலத்தில், அதன் தோற்றத்தின் வழியே விருந்தினர் வீட்டுக்காரர் அறைக்குள் புக இடமிருந்தது. மேலும், கட்டளைகள் நேரே செயலியில் ஓடவேண்டுமாயின், விருந்தினரும் செயலியும் ஒரே மொழியினராய் இருத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது, இன்டெல் மொழியில் எழுதப்பட்ட விண்டோஸ் அதில் நேரே ஓட இயலாதாயிற்று. அத்தகைய இடத்தில் கட்டளை ஒவ்வொன்றையும் வேற்றுமொழிக்குப் பெயர்த்தாக வேண்டும். அதற்கு விலை வேகம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பொறி அரிதாயிருந்த காலத்தில், ஒன்றைப் பலருக்குப் பங்கிட இவ்வெண்ணம் பிறந்தது. பொறி மலிந்தபோது, இனி வேண்டாம் என்று கருதி அதற்குரிய காவலைச் செயலி வகுத்தோர் விட்டுவிட்டனர். ஆனால் காலம் செல்லச் செல்ல வேறொரு பொருள் அரிதாயிற்று. அது பழமை. பொறிகள் சில ஆண்டுகளில் மாறுகின்றன; முறைமைகள் ஓய்வு பெறுகின்றன. அவற்றை நம்பி எழுதப்பட்ட கணக்குகளும் ஆராய்ச்சிகளும் நூல்களும் நடுவழியில் நிற்கின்றன. அவற்றை வாழவைக்கும் இடமாக, பங்கீட்டுக்குப் பிறந்த அந்த எண்ணமே மீண்டும் உதவிக்கு வந்தது. ஒரு காலத்தின் தேவை தீர்ந்துவிட்டதென்று ஓர் அறிவைக் கைவிடுவோர், அதன் அடுத்த பயனைத் தாம் அறிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். கைவிட்ட பதினேழு கட்டளைகளின் காவலை மீட்க ஒரு தலைமுறை அறிஞர் உழைக்க வேண்டியதாயிற்று.

மதுரை முதியவர் இப்போது அச்சகத்தை நடத்துவதில்லை. ஆயினும் நாள்தோறும் மாலையில் அச்சாளரத்தைத் திறக்கிறார். பழைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து வைக்கிறார். எவ்வளவு காலம் ஆகும் என்று நான் கேட்டேன். "வீடு எனக்கென்று கிடைத்திருக்கிறது, இனி அவசரமில்லை" என்றார். அந்த வீடு தோற்றமே என்பது அவருக்கும் தெரியும். அதற்குள் அவர் செய்யும் வேலை மெய்யானது.